ஏஜென்சி மாறும், நாங்க மாற மாட்டோம்

எங்க கவர்மென்ட் ஆபீஸ்ல கொஞ்ச வருஷத்துக்கு ஒருக்கா, ஏஜென்சி மூலமா வேலை பாக்குற எங்களுக்கு மட்டும் முதலாளி மாறுவாரு. சீட்டு அதேதான், மேல சுத்துற ஃபேன் அதேதான், கீபோர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சு போன அந்தப் பழைய கம்ப்யூட்டரும் அதேதான், கழுத்துல தொங்குற ஐடி கார்டு கயிறு மட்டும் நீலத்துல இருந்து பச்சைக்கு மாறும். அப்டின்னா புது ஏஜென்சி டெண்டர் எடுத்துருச்சுன்னு அர்த்தம். பைக்ல ஒரு தம்பி வருவான், கட்டு ஃபார்ம கொண்டாந்து டேபிள்ல போடுவான், "அக்கா இதுல ஒரு சைன், இதுல ஒரு சைன், போட்டோ ரெண்டு, ஆதார் ஜெராக்ஸ்" அப்டின்னுவான். வாசிச்சுப் பாத்தா புதுசா வேலை கேட்டு விண்ணப்பிக்கிறேன்னு இருக்கும். எந்த ஃபைல் எந்த பீரோவுல இருக்குன்னு மாறுதல்ல வர்ற ஒவ்வொரு சூப்பிரண்டுக்கும் காட்டிக்குடுக்குறவளே நான்தான், ஆனா பேப்பர்ல நான் இன்னைக்கு காலையில சேந்த ஆளு.

ஆள் தேடிப் புடிச்சு சப்ளை பண்றதுதான் ஏஜென்சியோட வேலைன்னு டெண்டர்ல போட்டுருக்கு. யாரத் தேடுனாய்ங்க சொல்லுங்க? நாங்கதான் ஏற்கனவே உள்ள உக்காந்துருக்கோமே. வாட்ச்மேன் அண்ணே, கூட்டுற அக்கா, ஆபரேட்டர் நாங்க, டிரைவர் தம்பி, எல்லாரையும் ஒரு காலத்துல ஆபீஸ்ல இருந்த யாரோ ஒருத்தர்தான் "தெரிஞ்ச ஆளு இருந்தா சொல்லுங்கப்பா"ன்னு சொல்லி வர வச்சது.

மதுரைக்குள்ள ஒரு அரசு அலுவலகம், அதுக்கு மேல அடையாளம் சொல்ல மாட்டேன், சொன்னா அடுத்த மாசம் என் கழுத்துல எந்தக் கலர் கயிறும் இருக்காது. வேலை கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கல்யாண வீட்டுல யாராச்சும் கேட்டா எங்கம்மா "மக கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கா"ன்னு பெருமையாச் சொல்லும், நானும் மறுத்துப் பேசுறதில்ல. இப்ப எதுக்கு எழுதுறேன்னா, பெரியம்மா பையன் டிகிரி முடிச்சுட்டு "அக்கா உங்க ஆபீஸ்ல ஏஜென்சில ஆள் எடுக்குறாய்ங்களாமே, சேந்தா பின்னாடி பெர்மனென்ட் ஆக்கிருவாங்களா"ன்னு கேட்டான். அவனுக்கு போன்ல சொன்னத எல்லாருக்குமா எழுதிருவோம்னு தோணுச்சு.

முதல்ல காசுக்கணக்கு. ரவுண்டா மாசம் 15,000 எனக்குச் சம்பளம்னு வச்சுக்குவோம். அதுல என் பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800 போகும். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) முக்கா சதவீதம், 113 ரூவா. கைக்கு 13,087. இதுக்கு மேல முதலாளி தன் பங்கா பிஎஃப் 12 சதவீதம், இன்சூரன்ஸ் நிர்வாகச் செலவுன்னு இன்னொரு 1 சதவீதம், ஆக 1,950 கட்டணும், இஎஸ்ஐ 3.25 சதவீதம் 488. இதுவரைக்கும் 17,438 ஆச்சு. ஆள் சப்ளைங்கிறது சட்டப்படி ஒரு சேவை, அதனால 18 சதவீதம் ஜிஎஸ்டி (சில வேலைக்கு விலக்கு உண்டு, எல்லாத்துக்கும் இல்ல), அது ஒரு 3,139. மொத்தம் 20,577, ஏஜென்சியோட சர்வீஸ் சார்ஜ் இன்னும் சேக்கல. அரசாங்கம் என் பேர்ல இருபதாயிரத்துக்கு மேல செலவு பண்ணுது, என் கையில பதிமூணு.

அதே வேலைக்கு குரூப் 4 பாஸ் பண்ணி வர்ற டைப்பிஸ்ட்டுக்கு சேரும்போதே அடிப்படை 19,500. 2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம், 11,310. ஆக 30,810, இதுக்கு மேல வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி. அவருக்கும் புடித்தம் உண்டு, இல்லைங்கல. ஆனா வருஷத்துக்கு 3 சதவீதம் இன்கிரிமென்ட், ஆறு மாசத்துக்கு ஒருக்கா அகவிலைப்படி ஏறும். எனக்கு டெண்டர் ஏறுனாத்தான் உண்டு, டெண்டர்ல யாரு கம்மியாக் கோட் பண்றாங்களோ அவங்களுக்குத்தான் குடுப்பாங்க, அப்ப அது எங்கிட்டு ஏறும்?

சர்வீஸ் சார்ஜ பைசாக் கணக்குல கோட் பண்ணி டெண்டர் எடுக்குற ஏஜென்சி உண்டு. லாபமே இல்லாம சேவை பண்ண வந்த மகராசன்னு நெனச்சுராதீங்க. எங்களுக்கு முன்னாடி இருந்த ஒரு ஏஜென்சி, பேரு வேண்டாம், முதலாளி பங்கு பிஎஃப் இஎஸ்ஐயவும் எங்க சம்பளத்துலயே கழிச்சுச்சு. மேல போட்ட கணக்குலயே கழிச்சுப் பாருங்க, 13,087 போயி 10,649 ஆயிரும். கேட்டா "அக்கா அது சிடிசி"ங்கிறான், அதாவது முதலாளி கட்ட வேண்டியதும் என் சம்பளத்துக்குள்ளயே அடக்கமாம். அப்புறம் யூனிஃபார்முக்குன்னு ஒரு தொகை, ஐடி கார்டுக்கு ஒரு தொகை, ஏப்ரல் மே மாசத்துல "பில்லு பாஸ் ஆகல"ன்னு ரெண்டு மாசச் சம்பளத்த நிப்பாட்டி வச்சு மொத்தமாப் போடும்போது நாலு நாள் கொறைஞ்சிருக்கும், யாரு எண்ணிப் பாக்குறா. எங்க ஊர்ப்பக்கம் மாட்டுச்சந்தையில தரகர் துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் புடிச்சு விலை பேசுவாங்கல்ல, மாடு பக்கத்துலதான் நிக்கும், அதுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தத் தரகராச்சும் ஒருக்கா கமிஷன வாங்கிட்டுப் போயிருவாரு, இது மாசாமாசம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவோம். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மதுரைக்கு உள்ளூர் லீவு. பெர்மனென்ட் ஆளுகளுக்கு அது சம்பளத்தோட லீவு. எங்களுக்கு "நோ ஒர்க் நோ பே". மாசத்துக்கு 26 நாள் கணக்கு போடுற இடத்துல அன்னைக்குச் சம்பளம் கட்டு. கூட்டுற அக்காவுக்கு வேற மாதிரி, அவங்க வீட்டுக்காரரு இன்னொரு கான்ட்ராக்ட்ல துப்புரவு வேலை, அவருக்கு அன்னைக்கு லீவே கெடையாது, தல்லாகுளத்துல இருந்து ஆத்துக்குள்ள வரைக்கும் விடிய விடிய குப்பை அள்ளணும். ஊரே கோவிந்தா போட்டு விசிறியும் தண்ணிப்பையுமா நிக்கும், அவரு அந்தப் பிளாஸ்டிக்க பொறுக்கிக்கிட்டு நிப்பாரு. டபுள் சம்பளமான்னு கேட்டேன், "பொட்டலம் குடுத்தாங்கம்மா"ன்னாரு.

அந்த அக்கா விஷயத்த கொஞ்சம் சொல்லணும். அவங்க மக இன்னொரு ஆபீஸ்ல எங்கள மாதிரியே ஏஜென்சி ஆளு, மாசமா இருந்துச்சு. தமிழ்நாட்டுல அரசு ஊழியரா இருந்தா பேறுகால லீவு 12 மாசம், முழுச் சம்பளத்தோட, 2021ல அத ஒம்போதுல இருந்து பன்னெண்டாக்குனாங்க. ஏஜென்சி ஆளுக்கு இஎஸ்ஐ மூலமா 26 வாரம், அதுவும் முந்தின ரெண்டு கான்ட்ரிபியூஷன் பீரியட்ல (பணம் கட்டுற ஆறு மாசக் கணக்கு) சேத்து 70 நாளாச்சும் பணம் கட்டிருந்தாத்தான். சரி பரவாயில்ல, பாதியாச்சும் கெடைக்குதேன்னு தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கும் இஎஸ்ஐ ஆபீசுக்கும் அலைஞ்சா, நடுவுல ஏஜென்சி மாறுனதுல பழைய ஏஜென்சி கடைசி மாசங்களுக்குக் கட்டவே இல்ல, புது ஏஜென்சி அந்தப் புள்ளையப் பதிஞ்சதே லேட்டு. சம்பளத்துல புடிச்சது புடிச்சதுதான். ஆபீஸ்ல போய்க் கேட்டா "அது உங்க ஏஜென்சி மேட்டர்மா", ஏஜென்சில கேட்டா "ஆபீஸ்ல இருந்து பில் வரல". வயித்துப்புள்ளக்காரி மாடி ஏறி எறங்குனதுதான் மிச்சம். பிஎஃப்பும் இதே கதைதான், சொக்கிகுளம் பிஎஃப் ஆபீஸ் வாசல்ல ஒரு திங்கக்கெழம நின்னு பாருங்க, கையில பழைய சிலிப்பு பிளாஸ்டிக் கவர்ல வச்சுக்கிட்டு நிக்கிறதுல பாதிப்பேரு ஏஜென்சி ஆளுகதான்.

இனி சட்டத்துக்கு வர்றேன். நான் வக்கீல் இல்ல, ஆனா நம்ம தலைவிதிய நாமளே படிச்சுக்கிறதுல தப்பில்ல. சம வேலைக்குச் சம ஊதியம்ங்கிறது அரசியலமைப்புல 39வது பிரிவுல இருக்கு. அதைக் கோர்ட்ல கேட்டு வாங்கலாம்னு 1982ல ரந்தீர் சிங் கேஸ்ல நீதிபதி சின்னப்ப ரெட்டி சொன்னாரு, டெல்லி போலீஸ்ல வண்டி ஓட்டுன ஒரு கான்ஸ்டபிளோட கேஸ் அது. அப்புறம் 2016 அக்டோபர் 26, ஜக்ஜித் சிங் தீர்ப்பு, பஞ்சாப் கேஸ். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்தம்னு என்ன பேரு வச்சாலும் பெர்மனென்ட் ஆளு பாக்குற அதே வேலையப் பாத்தா அந்தப் பதவியோட சம்பள விகிதத்துல அடிமட்டத் தொகையாச்சும் குடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. கொறஞ்ச சம்பளத்துக்கு எவனும் ஆசைப்பட்டு வர்றதில்ல, குடும்பத்துக்குச் சோறு போடணுமேன்னு தன்மானத்த வித்து வர்றான், அதப் பயன்படுத்திக்கிறது அடிமைத்தனம்னு அதுல காட்டமாவே எழுதிருக்காங்க. படிக்கும்போது எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, உண்மையாத்தான்.

ஆனா அந்தத் தீர்ப்பு அரசாங்கம் நேரடியா வச்சுக்கிட்ட ஆளுகளுக்கு. நடுவுல ஏஜென்சி இருந்தா? "நீ எங்க ஆளே இல்ல, உன் முதலாளி அவரு, அவருகிட்ட கேளு." இதுக்குத்தான் ஏஜென்சி. ஆள் தேட இல்ல, சம்பளம் போடக்கூட இல்ல. எனக்கும் அந்த டைப்பிஸ்ட்டுக்கும் நடுவுல இருக்குற ஒப்பீட்டு நூல அத்துவிடுறதுதான் அவன் செய்யுற சேவை, அதுக்குத்தான் அரசாங்கம் சர்வீஸ் சார்ஜ் குடுக்குது. நான் இத ரொம்ப யோசிச்சுத்தான் சொல்றேன். சம்பளம் போடுறதுக்கு அரசாங்கத்துக்கு கருவூலம் இருக்கு, எத்தனை லட்சம் பேருக்கு மாசக் கடைசியில டாண்ணு ஏத்துறாங்க, எங்க நாலு பேருக்குப் போட முடியாதா?

பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 1970ல போட்டது, அதோட மத்திய விதிகள்ல 25வது விதியில ஒரு நல்ல சங்கதி இருந்துச்சு. கான்ட்ராக்டர் ஆளு, நேரடி ஆளு பாக்குற அதே வேலையோ அது மாதிரி வேலையோ பாத்தா சம்பளம், லீவு, வேலை நேரம் எல்லாம் ஒண்ணா இருக்கணும்னு. கான்ட்ராக்டர் சம்பளம் குடுக்கலேன்னா முதன்மை முதலாளி, அதாவது ஆபீசே, குடுக்கணும்னு சட்டத்துலயே இருந்துச்சு. பேப்பர்ல இருந்துச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து அந்தப் பழைய சட்டம் போச்சு. புதுசுல நிறுவனத்தோட மைய வேலைக்கு கான்ட்ராக்ட் ஆளு வைக்கக் கூடாதுங்கிறாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எதெல்லாம் மைய வேலை இல்லைன்னு ஒரு லிஸ்ட்டும் போட்டுருக்காங்க, துப்புரவு, காவல், கேன்டீன், தோட்டம்னு. ஆஸ்பத்திரியில தரையத் துடைக்கிறது மைய வேலை இல்லையாம். ஒரு வாரம் துடைக்காம விட்டுப் பாக்கச் சொல்லுங்க.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, அத நான் கண்ணால பாத்தேன். எங்க செக்‌ஷன்ல ஒரு டைப்பிஸ்ட் சார் இருந்தாரு, எனக்கு நோட் போடுறதுல இருந்து டெஸ்பாட்ச் வரைக்கும் சொல்லிக்குடுத்தவரு. அவரு ரிட்டயர் ஆனாரு, மாலை போட்டு, வடை கேசரி குடுத்து, வாடகைக்கு வேன் புடிச்சு வீடு வரைக்கும் போய் விட்டுட்டு வந்தோம். அந்த போஸ்ட்டுக்கு அப்புறம் ஆளே வரல. அவர் ஃபைலெல்லாம் என் டேபிளுக்கு வந்துருச்சு. இப்ப நான் போய் "அதே வேலை பாக்குற பெர்மனென்ட் ஆளுக்குக் குடுக்குறத எனக்கும் குடுங்க"ன்னு கேட்டா, "எந்த ஆளு? அப்டி யாரும் இங்க இல்லையே" அப்டிம்பாங்க. ஒரு ஆபீஸ்ல எல்லாரையும் அவுட்சோர்சிங் ஆக்கிட்டா ஒப்பிட்டுப் பாக்கவே ஆள் இருக்காது, சம ஊதியம்ங்கிற கேள்வியே எந்திரிக்காது. நகராட்சி நிர்வாகத்துல 2022 அக்டோபர்ல வந்த 152வது அரசாணைய எதுக்கு யூனியன்காரங்க இம்புட்டு எதிர்க்கிறாங்கன்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு, மாநகராட்சிகள்ல நிரந்தரப் பணியிடத்தக் கொறைச்சு மத்ததெல்லாம் வெளியாளுகிட்ட விடுறது அது. 2025 ஆகஸ்ட்ல சென்னையில ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளருங்க ராப்பகலா உக்காந்துருந்ததும் மண்டலத்த தனியார்கிட்ட குடுத்ததுக்குத்தான், நடுராத்திரியில போலீஸ் தூக்கி வண்டியில ஏத்துனத டிவியில பாத்துருப்பீங்க.

ஆஸ்திரேலியாவுல, மெல்போர்ன்ல எங்க சித்தப்பா பையன் இருக்கான். அவன்கிட்ட இதப் பொலம்புனா "அக்கா இங்கயும் இதேதான், லேபர் ஹயர்னு பேரு"ன்னான். அங்க 2023ல மத்திய அரசே கணக்கெடுத்துப் பாத்துச்சு, 2021-22ல மட்டும் வெளியாளுகளுக்கு, கன்சல்டன்ட் உட்பட, 20.8 பில்லியன் டாலர் செலவாம், கிட்டத்தட்ட 54,000 முழுநேர ஆளு பாக்குற வேலை. எடுத்த எடுப்புலயே எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு, வெள்ளக்காரனும் நம்மள மாதிரித்தான்னு. ஆனா அவங்க அதோட நிக்கல. 2023 டிசம்பர்ல ஒரு சட்டத்திருத்தம் போட்டாங்க, 2024 நவம்பர் 1ல இருந்து, ஏஜென்சி ஆளு எந்த இடத்துல வேலை பாக்குறானோ அந்த இடத்துச் சம்பள ஒப்பந்தப்படி என்ன வருமோ அதுக்குக் கொறையாமக் குடுன்னு அங்க உள்ள வேலை ஆணையம் உத்தரவு போடலாம். முதல் உத்தரவு வந்தது குயின்ஸ்லாந்துல ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு. இதுல ஓட்டையும் இருக்கு, "நாங்க ஆள் சப்ளை பண்ணல, வேலையையே மொத்தமா எடுத்துச் செய்யுறோம்"னு காட்டிட்டா தப்பிச்சுக்கலாம், சின்ன நிறுவனங்களுக்கு விலக்கு. ஆனா எனக்குப் புடிச்சது ஒண்ணு. அங்க பக்கத்து சீட்ல ஒரு பெர்மனென்ட் ஆளு இருந்தே ஆகணும்னு இல்ல, ஒப்பந்தத்துல அந்த வேலைக்கு என்ன ரேட்டு போட்டுருக்கோ அதோட ஒப்பிடுறாங்க. நம்மகிட்டயும் அந்த மாதிரி ரேட்டு போட்ட தாளு, அரசு சம்பள நிலைப் பட்டியல், இருக்கே. சம்பள நிலை 1, 15,700, ஆபீஸ் அசிஸ்டென்ட்டுக்கு. நிலை 8, 19,500, டைப்பிஸ்ட்டுக்கு. சாரு ரிட்டயர் ஆனா தாளுமா ரிட்டயர் ஆயிருச்சு?

இப்டிப் பேசுனா ஆபீஸ்ல ஒருத்தர் கோவப்படுவாரு. ஜூனியர் அசிஸ்டென்ட், நல்ல மனுசன்தான், உசிலம்பட்டிப் பக்கம். "நான் மூணு வாட்டி குரூப் 4 எழுதி, லைப்ரரில ராத்திரி பத்து மணி வரைக்கும் கெடந்து வந்தவம்மா. நீ யாரோ சொல்லி வந்துட்டு எனக்குச் சமமாக் கேட்டா எப்டி?" அப்டிம்பாரு. அவரு சொல்றதுல ஞாயம் இருக்கு, நான் இல்லைங்கல. நான் கேக்குறது அவரு போஸ்ட்ட இல்ல சார். உமாதேவி கேஸ், 2006, பின்வாசல்ல வந்தவங்கள கோர்ட் போய் நிரந்தரம் ஆக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்னைக்கும் எங்க மூஞ்சியில வீசுறது அதத்தான். அதே தீர்ப்புலயே தினக்கூலிக்காரங்களுக்கு அந்தப் பதவியோட கீழ்மட்டச் சம்பளம் குடுன்னும் சொல்லிருக்கு, அத யாரும் வாசிச்சுக் காட்ட மாட்டாய்ங்க. நிரந்தரம் வேற, கூலி வேற. பரீட்சை எழுதுனதுக்கு இன்கிரிமென்ட், பதவி உயர்வு, பென்ஷன், மாறுதல் எல்லாம் அவரு வச்சுக்கட்டும், ஆனா ஒரு ஃபைல டைப் அடிக்கிறதுக்கு உண்டான கூலி அடிக்கிற கையப் பாத்து எப்டி மாறும்?

அதுமட்டுமில்ல, அவரு போஸ்ட்டயும் சேத்துத்தான் இது திங்குது. நான் மலிவாக் கெடைக்கிற வரைக்கும் குரூப் 4ல காலியிடம் கூடாது. தமிழ்நாட்டுல 69 சதவீதம் இடஒதுக்கீடுன்னு இம்புட்டுப் பெருமை பேசுறோம், ஏஜென்சி மூலமா எடுக்குற சீட்டுக்கு ரோஸ்டர், அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்குங்கிற வரிசை, எங்கிட்டு இருக்கு? யாருக்குத் தெரிஞ்ச ஆளோ அவங்களுக்குத்தான். கூட்டுற வேலைக்கு மட்டும் ரோஸ்டர் இல்லாமலே எந்தத் தெருவுல இருந்து ஆளு வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். எனக்குக் கொடுக்குற காசு அவருக்குக் கொடுக்குற காசுக்குச் சமமாயிட்டா ஏஜென்சி வச்சுக்கிறதுல அரசாங்கத்துக்கு ஒரு லாபமும் கெடையாது, அப்ப பேசாம பரீட்சை வச்சே ஆள் எடுத்துருவாங்க. அதனால சம ஊதியம் கேக்குறதுல எனக்கு வேலை போனாலும் போகும், அதையும் தெரிஞ்சுதான் கேக்குறேன். வயசு வரம்புல கொஞ்சம் தளர்வு, அனுபவத்துக்கு ரெண்டு மார்க்கு குடுத்தா நானும் எழுதிட்டுப் போறேன்.

கோர்ட்டும் லேசா மனசு மாறுற மாதிரித் தெரியுது. 2024 டிசம்பர் 20ல ஜக்கோங்கிற அம்மாவோட கேஸ், மத்திய நீர் ஆணையத்துல வருஷக்கணக்காக் கூட்டிப் பெருக்குனவங்க, தோட்டக்காரர் ஒருத்தர், திடீர்னு நிப்பாட்டுனதுக்குப் போட்டது. அவங்கள நிரந்தரம் ஆக்கச் சொல்லிட்டாங்க, அவுட்சோர்சிங்க ஒரு கேடயமா அரசாங்கம் புடிக்கிறத கண்டிச்சும் இருக்காங்க. அவங்களும் நேரடி ஆளுகதான், நடுவுல ஏஜென்சி இருக்குற எங்களுக்கு அப்டியே பொருந்தாது. ஒத்தக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் ஹைகோர்ட் பெஞ்ச் கட்டிடத்தப் பாத்துக்கிட்டே போவேன், ரிட் போடுறதுக்கு வக்கீல் ஃபீசக் கேட்டா எங்க ரெண்டு மாசச் சம்பளம்.

அதனால இப்போதைக்கு நாங்க பண்றது சின்ன வேலை. தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்க தலைக்கு மாசம் எவ்வளவு ஏஜென்சிக்கு பில் பாஸ் ஆகுது, பிஎஃப் இஎஸ்ஐ சலான் நகல் எங்கன்னு கேட்டுருக்கோம், 30 நாள்ல பதில் வரணும். அடுத்த டெண்டர் வர்றதுக்குள்ள ரெண்டே ரெண்டு வரி சேக்கச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கப் போறோம். ஒண்ணு, அந்த வேலைக்குண்டான சம்பள நிலையோட அடிமட்டமும் அகவிலைப்படியும் சேத்து ஒரு தொகைய டெண்டர்லயே போடணும், அதுல கை வைக்காம சர்வீஸ் சார்ஜ மட்டும் கோட் பண்ணிக்கட்டும். ரெண்டு, ஏஜென்சி மாறுனாலும் எங்க சர்வீஸ் தொடர்ச்சியாக் கணக்குல வரணும், பழைய ஏஜென்சி பிஎஃப் இஎஸ்ஐ கட்டுன சலானக் காட்டுனாத்தான் அதுக்குக் கடைசி பில் பாஸ் ஆகணும்.

பெரியம்மா பையனுக்கு நான் சொன்னது, சேரு, ஆனா குரூப் 4 புக்க மூடாத. மத்தபடி வேற ஆபீஸ்ல ஏஜென்சில இருக்குற அண்ணே அக்கா தம்பி யாரா இருந்தாலும் மனுவுக்கு வரலாம். வரும்போது சம்பள சிலிப் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி, பிஎஃப் பாஸ்புக் டவுன்லோட் பண்ண பிரின்ட் ஒண்ணு, பழைய ஐடி கார்டு இருந்தா எல்லாக் கலர்லயும் கொண்டாங்க. சிலிப்பே குடுக்க மாட்டேங்கிறாய்ங்கன்னா பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். காலையில பத்து மணிக்கு முன்னாடியே வந்துருங்க, டோக்கன் போட கூட்டம் அள்ளும்.